கொல்லைப்புறத்துச் சாட்சியம்

ஹிஜ்ரி ஆண்டின் மூன்றாம் மாதத்திற்கு ரபீஉல் அவ்வல் என்று பெயர். ‘ரபீஉ’ என்னும் அரபுச் சொல் வசந்தத்தைக் குறிப்பது. எனவே முதல் வசந்தம் என்று அப்பெயருக்குப் பொருள் கொள்வர். ஆயினும் பிறைக் கணக்கில் செல்லும் ஆண்டு, கதிரவன் கணக்கில் செல்லும் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. ஆதலால் வசந்தத்தின் பெயரைச் சுமந்த அந்த மாதம் மழையிலும் வெயிலிலும் பனியிலும் அலைந்து, சுமார் 33 ஆண்டுகளில் பருவங்கள் அனைத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகின்றது. 2025-ஆம் ஆண்டில் அது ஆவணி மாதத்தில் பிறந்தது. ஆவணியில் எந்த மரம் நமக்கு வசந்தத்தைச் சொல்லப் போகின்றது?

நாட்டுப்புறத்து முஸ்லிம் இல்லங்களில் இவ்விரண்டு கணக்குகளும் ஒரே சுவரில் தொங்குகின்றன. நோன்பும் பெருநாளும் பிறையின்படி. விதைப்பும் அறுப்பும் தமிழ் மாதத்தின்படி. இரண்டும் எப்போதேனும் சில ஆண்டுகளுக்கு ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். அப்படி உரசிய ஆண்டுகளில் எழுந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. அதனைச் சொல்லுமுன், நம் பகுதியில் இளவேனிலின் தொடக்கம் எவ்வாறிருக்கும் என்பதைச் சற்றே விரித்துரைக்க வேண்டும். ஏனெனில், ஏட்டில் படித்த வசந்தம் வேறு. வெண்ணாற்றங்கரையில் வரும் வசந்தம் வேறு.

பாரசீகக் கவிஞர்களின் வசந்தத்தில் ரோஜா மலர்கிறது, புல்புல் பாடுகிறது. ஆங்கிலப் பாடநூல்களின் வசந்தத்தில் பனி உருகி ஓடைகள் பெருகுகின்றன. காவிரிப் படுகையிலோ நேர்மாறு. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. மூடிய சில வாரங்களில் ஆற்றில் நீர் வற்றி, மணல் வெளிப்பட்டு, மாசி பிறக்கும்போது சிறுவர்கள் நடு ஆற்றில் பந்து விளையாடத் தொடங்கிவிடுவர். சம்பா அறுவடை முடிந்து வயல்கள் தாளடிகளோடு கிடக்கும். ஓடைகள் பெருகுவதற்கு மாறாக ஆறுகளே மறைந்துபோகும் பருவம் இது. வெளியூரிலிருந்து வருகின்ற ஒருவர், ‘இதுவா வசந்தம்?’ என்று வியப்புறுதல் இயல்பே.

அவர் வயலுக்குள் இறங்கிக் குனிந்து பார்ப்பாரானால் வேறொன்றைக் காண்பார். நெல் அறுப்பதற்கு ஏழெட்டு நாட்கள் முன்பாகவே, நின்ற பயிருக்கிடையில், மெழுகுபோல் குழைந்த ஈரத்தில், உழவர் உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுகின்றனர். நெல் அறுபட்ட பிறகு அத்தாள்களுக்கிடையிலிருந்து அச்செடிகள் தலை தூக்குகின்றன. அவற்றுக்கு வாய்க்கால் நீரும் இல்லை, மழையும் இல்லை. மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் மாசிப் பனியையும் கொண்டே அவை வளர்ந்து, பூத்து, இரண்டு மாதங்களைச் சற்றே கடந்த அளவில் காய் முற்றிவிடும். தரிசென்று எண்ணி ஒருவன் நடந்துபோகும் நிலத்தில் ஒரு குடும்பத்தின் ஆறு மாதக் குழம்பும் இட்டிலியும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. விடியற்காலையில் சுபுஹுத் தொழுதுவிட்டு வரப்பின் வழியே வீடு திரும்புவோரின் கைலி முழங்கால் வரை நனைந்துவிடும். அந்த ஈரமே அச்செடிகளின் உணவு என்பதை நனைந்தவர்களுள் எத்தனை பேர் எண்ணியிருப்பர் என்று சொல்வதற்கில்லை.

மரங்களின் நிலையும் அதுவே. மாசியில் வேம்பு பழுத்து உதிர்கின்றது. புங்கமும் உதிர்கின்றது. கல்யாண முருங்கை ஓர் இலையின்றி முள்ளும் கிளையுமாய் நின்று, பிறகு அந்த மொட்டைக் கிளைகளின் நுனியில் செந்நிறப் பூக்களைத் தள்ளுகின்றது. புளியை உலுக்கிய கொம்புகள் முறிந்து தொங்குகின்றன. மாமரத்தில் நேற்று வரை மணம் வீசிய பூங்கொத்துகள் கருகி, அவற்றிடையே மிளகளவு பிஞ்சுகள் தோன்றுகின்றன. ஒரு வாரம் வரை கொல்லைப்புறம் முழுவதும் அழிவின் காட்சியாகவே தென்படும். பெருக்கிக் குவித்த சருகை எரிக்கும் புகை மணம் தெருவெங்கும் மிதக்கும்.

நம் நாட்டு இளவேனிலின் தனித்தன்மை இதுதான் என்று எனக்குத் தோன்றுகின்றது: இங்கே உயிர் குப்பையின் வேடம் பூண்டு வருகின்றது. தளிர்க்கப்போகும் மரம் பட்ட மரமாய்த் தெரிகின்றது. விளைநிலம் தரிசாய்த் தெரிகின்றது. கூடு ஒட்டடையாய்த் தெரிகின்றது. முட்டை மண்ணாங்கட்டியாய்த் தெரிகின்றது. ஆகவே, மனிதன் தன்னைச் சுற்றியுள்ள உயிர்களைப் பற்றித் தவறாகத் தீர்ப்பளிக்க மிகவும் வாய்ப்புள்ள காலமும் இதுவே.

தீர்ப்பு என்ற சொல்லை நான் உவமையாகச் சொல்லவில்லை. வீட்டுக்குரியவர் தம் கொல்லைப்புறத்தில் நீதிபதியாகவே இருக்கின்றார். எந்த மரம் நிற்க வேண்டும், எது வெட்டப்பட வேண்டும், எந்தப் புற்று இடிக்கப்பட வேண்டும், எந்தக் கூடு கலைக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல். மேல்முறையீடு செய்யும் இடம் அந்த உயிர்களுக்கு இல்லை. சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பளிக்கும் காஜியாரை நாம் யாரும் நல்லவர் என்று சொல்வதில்லை. அங்ஙனமாயின், பாராமலே தீர்ப்பளிக்கும் வீட்டுக்காரரை என்னவென்று சொல்வது? இயற்கையைப் பார்த்தல் என்பது பொழுதுபோக்கா, அழகுணர்ச்சியா, அல்லது நீதியின் ஒரு பகுதியா? இதுவே கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்கின்றேன். வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் இளைஞர் மாசி மாதத்தில் விடுப்பில் வந்திருந்தார். புது வீடு கட்டி, பின்முற்றத்திற்குச் சிமெண்டுத் தளம் போட்டிருந்தனர். சுவரிலிருந்து எட்டடி தள்ளி ஒரு வேம்பு. அவருடைய பாட்டனார் காலத்து மரம். அது அச்சமயத்தில் இலை உதிர்த்து நின்றது.

“மரம் பட்டுப்போச்சு நன்னிமா, வெட்டிடுவோம்” என்றார் பேரர்.

“பட்டுப்போகலை தம்பி. உடுப்பு மாத்துது. பதினஞ்சு நாள் பொறு” என்றார் மூதாட்டி.

பதினைந்து நாட்கள்கூட ஆகவில்லை. பத்தாம் நாளில் கிளை நுனிகளில் செம்பின் நிறத்தில் தளிர்கள் வெளிப்பட்டன. காலை வெயிலில் அந்த மரம் செப்புப் பாத்திரம் தேய்த்து வைத்ததுபோல் மின்னிற்று. பேரர் அதனைப் பார்த்தார், ஒப்புக்கொள்ளவும் செய்தார். “ஆனாலும் சருகு கொட்டுதே, தினமும் யார் பெருக்குறது?” என்றார். அடுத்த வாரம், “வேர் சுவரை விரிச்சிடும்” என்றார். பின்னர், “புயல் வந்தா வீட்டு மேல விழும்” என்றார். விடுப்பு முடிவதற்கு இரண்டு நாட்கள் முன்பு மரம் வெட்டப்பட்டது.

இதில் நான் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. அவர் கடைசியாகச் சொன்ன காரணம் அற்பமானதன்று. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயலை நம் பகுதியினர் எவரும் மறக்க முடியாது. தென்னந்தோப்புகள் தோப்புகளாகவே சாய்ந்தன. ஓட்டு வீடுகளின் மீது மரங்கள் விழுந்தன. அந்த இரவைக் கண்டவர்கள் சுவரோரத்து மரத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. மனித உயிரைக் காக்க ஒரு மரத்தை வெட்டுதல் கூடாதென்று சொல்பவன் அறிவுடையவனாக இருக்க முடியாது.

ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. காரணங்கள் மாறிக்கொண்டே இருந்தன. தீர்ப்பு மட்டும் மாறவில்லை. மரம் பட்டுப்போயிற்று என்பதற்காக வெட்ட நினைத்தவர், அது பட்டுப்போகவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். அல்லது புதிதாக விசாரணையைத் தொடங்கியிருக்க வேண்டும். வேர் சுவரை விரிக்குமா என்று கொத்தனாரை அழைத்துக் கேட்டிருக்கலாம். வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளைகளை மட்டும் கழித்திருக்கலாம். அவர் எதையும் கேட்கவில்லை. முதலில் முடிவு பிறந்தது. காரணங்கள் பிறகு அதனைத் தேடிக்கொண்டு வந்தன. மனிதர்களுக்கிடையில் நாம் செய்யும் அநீதிகளும் பெரும்பாலும் இவ்வழியிலேயே நடக்கின்றன அன்றோ? மருமகளைப் பற்றியும் பங்காளியைப் பற்றியும் முதலில் ஒரு முடிவு. பின்னர் நாளுக்கொரு காரணம்.

செயலால் மட்டுமன்றிச் சொல்லாலும் நாம் இவ்வுயிர்களுக்குத் தவறிழைக்கின்றோம் என்று தோன்றுகிறது. குயிலை எடுத்துக்கொள்வோம். மாசியின் பிற்பகுதியில் அதன் குரல் நீண்டு உயர்ந்து எழத் தொடங்கும். அதனைக் கேட்டதும் நம் பேச்சிலும் பாட்டிலும் அது ஒரு பெண்ணாகிவிடுகின்றது. இனிமையாகப் பாடுபவளைக் குயில் என்கின்றோம். அந்த நீண்ட கூவலை எழுப்புவதோ கன்னங்கரிய ஆண் பறவை. பெட்டையின் உடல் பழுப்பு நிறம். அதன் மீது வெண்புள்ளிகள். அதன் குரல் வெடுக்கு வெடுக்கென்று வெட்டி ஒலிப்பது. இரண்டும் ஒரே மரத்தில் அமர்ந்திருக்கும்போது வேறு வேறு பறவைகள் என்று எண்ணுவோரே மிகுதி. எத்தனையோ நூற்றாண்டுகள் அதன் குரலைக் கேட்டவர்கள் ஒரு நாள் நிமிர்ந்து கிளையைப் பார்த்திருந்தால் போதும்.

அடுத்து, அதன் மீது திருட்டுக் குற்றம். காக்கையின் கூட்டில் முட்டையிடுவதால் குயில் வஞ்சகி. ஏமாறுவதால் காக்கை மூடம். பங்குனியில் காக்கை சுள்ளி பொறுக்கத் தொடங்கியதும், சித்திரையில் அக்கூட்டருகே குயில் சுற்றுவதும் நம் வீட்டுச் சிறுவர்களுக்கே தெரியும். குயிலின் முட்டை காக்கையின் முட்டைக்கு முன்பாகப் பொரிந்துவிடுகின்றது. எனினும் ஐரோப்பாவின் குயிலினம் ஒன்றின் குஞ்சு செய்வதுபோல, வளர்ப்புத் தாயின் முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகால் நெம்பித் தள்ளிவிடுவது நம் குயிற்குஞ்சின் வழக்கமன்று. காக்கைக் குஞ்சோடு குயிற்குஞ்சும் சேர்ந்து வளர்வதுண்டு. ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் வேறொரு குயிலினத்தையும் வேறொரு காக்கையினத்தையும் பல்லாண்டுகள் கவனித்தவர்கள் 2014-ல் ஒரு செய்தியை வெளியிட்டனர். அங்கே அந்தக் குயிற்குஞ்சு தன்னைப் பிடித்தால் துர்நாற்றமுள்ள நீரை வெளியேற்றுகின்றதாம். கூடு கொள்ளையிடும் விலங்குகள் மிகுந்த ஆண்டுகளில், குயிற்குஞ்சு இருந்த கூடுகளில் காக்கைக் குஞ்சுகளும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு கூடிற்றாம். அத்தகைய பகை குறைந்த ஆண்டுகளிலோ குயிற்குஞ்சால் காக்கைக்கு இழப்பே.

இதைக் கொண்டு நம் ஊர்க் குயிலுக்கு நற்சான்றிதழ் எழுத முற்பட்டால் அதுவும் அதே பிழைதான். அது வேறு பறவை, வேறு நிலம். சொல்லவந்தது இவ்வளவே: கள்ளி என்றோ உத்தமி என்றோ பட்டம் சூட்டுவது எளிது. கண்டதைக் கண்டவாறு சொல்வது கடினம்; அதற்குப் பல நாட்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க வேண்டும்.

இயற்கையிலிருந்து படிப்பினை பெறுதல் நம்மிடையே நெடுநாளைய பழக்கம். எறும்பைப் பார்த்து உழைப்பையும், தேனீயைப் பார்த்து ஒழுங்கையும், சிலந்தியைப் பார்த்து விடாமுயற்சியையும் கற்றுக்கொள்ளுமாறு பிள்ளைகளுக்குச் சொல்கின்றோம். நல்லதே. ஆனால் அவசரப்பட்டுப் பெறும் படிப்பினை பார்வைக்குத் திரையாகிவிடுகின்றது. எறும்பு சுறுசுறுப்பானது என்ற பாடம் கிடைத்தவுடன் எறும்பைப் பார்க்கும் தேவை தீர்ந்துவிடுகின்றது. மாமரத்து முசிறு எறும்புகள் இலைகளை இழுத்துப் பிடித்துக்கொள்ள, வேறு சில எறும்புகள் தம் இனத்துப் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அப்புழுக்கள் சுரக்கும் நூலால் இலைகளை ஒட்டித் தைக்கின்றன. உழைப்பு என்ற ஒற்றைச் சொல்லில் இதனை அடக்கிவிட முடியுமா? பிள்ளைகளைக் கொண்டு வீடு கட்டுவிக்கும் அந்தச் செயலுக்கு என்ன படிப்பினை எழுதுவது? எனக்குத் தெரியவில்லை, பார்க்க மட்டும் அலுக்கவில்லை.

தூக்கணாங்குருவியின் கதையும் இத்தகையதே. ஆணும் பெண்ணும் ஒன்றுகூடிக் கூடு பின்னி இல்லறம் நடத்தும் உத்தமத் தம்பதியென்று அதனைப் போற்றுவோர் உண்டு. 1930-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், பம்பாய்க்குத் தெற்கே கடலோரத்துக் கிஹிம் என்னும் சிற்றூரில், வேலையிழந்து வீட்டில் இருந்த ஒருவர் தம் வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை நாள்தோறும் மறைந்திருந்து கவனித்தார். ஆண் பறவை பாதிக் கூடு பின்னி நிறுத்துகின்றது. பெட்டைகள் வந்து கூட்டை ஆராய்கின்றன. ஒரு பெட்டை ஏற்றுக்கொண்டால் கூடு முழுமை பெறுகின்றது. அது முட்டையிட்டதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெட்டையை எதிர்நோக்குகின்றது. கவனித்தவர் வேறு யாருமல்லர், சாலிம் அலி அவர்கள். 1896-ல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்டு, ‘இது என்ன குருவி?’ என்று கேட்டதிலிருந்து பறவையியலுக்குள் நுழைந்தவர். மற்றவர்களாயிருந்தால் அதனைச் சமைத்துவிட்டு மறந்திருப்பர்.

தூக்கணாங்குருவிகளின் இல்லறம் நம் அறநூல்களுக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக அது இழிந்த பறவையாகிவிடாது. ஒத்துவந்திருந்தால் உயர்ந்த பறவையாகியிருக்கவும் மாட்டாது. அது நமக்குப் பாடநூலாகப் படைக்கப்பட்டது என்னும் எண்ணத்தைச் சிறிது நேரம் ஒதுக்கி வைத்தாலன்றி அதன் உண்மை நமக்குப் புலப்படுவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். “உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இதற்கெல்லாம் நேரமேது? குருவியைப் பார்த்துக்கொண்டிருப்பது வேலையற்றவர் வேலை” என்பர். நானே எடுத்துக்காட்டியவர் வேலையிழந்திருந்தவர்தாம் என்று சிரிக்கவும் கூடும். ஆனால் நம் முன்னோர்கள் பார்ப்பதற்கென்று தனி நேரம் ஒதுக்கியவர்கள் அல்லர். செய்கின்ற வேலையிலேயே பார்வை இருந்தது. கடிகாரம் பரவாத காலத்தில் லுஹரையும் அஸரையும் நிழலைக் கொண்டே அறிந்தனர். உச்சிப் பொழுதில் நட்ட கோலுக்கு எவ்வளவு நிழல் இருந்ததோ அதனைக் கழித்து, கோலின் நீளத்துக்குச் சமமான நிழல் சேர்ந்ததும் அஸர் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கு. ஹனஃபியில் இரு மடங்கு. இந்தக் கணக்கு அறிந்தவருக்குப் பருவம் நகர்வது தரையிலேயே தெரியும். மார்ச் 20, 21-ஆம் நாட்களில் கதிரவன் நேர் கிழக்கே எழும். நம் பகுதியில் அன்றைய உச்சி நிழல் கோலின் நீளத்தில் ஐந்திலொரு பங்குகூட இராது. அது நாளுக்கு நாள் குறைந்து, சித்திரை முதல் வாரத்தில், ஏப்ரல் 18, 19 வாக்கில், நடுப்பகலில் கோலுக்கு நிழலே இல்லாமற் போகும். தொழுகைக்காக நிழலைப் பார்த்தவர் இளவேனிலையும் சேர்த்தே பார்த்தார். உளுந்து விதைக்க ஈரம் பார்த்தவர் பனியையும் பார்த்தார். இன்று கைப்பேசியில் பாங்கு ஒலிக்கின்றது. வசதிதான், குறை சொல்லவில்லை. நிழலைப் பார்க்கும் கட்டாயம் நீங்கிவிட்டபடியால், இனி அந்தப் பார்வையை நாமே விரும்பித் தேடிக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

அந்தலூசியாவில் பிறந்து மராக்கிஷில் 1185-ல் மறைந்த மருத்துவர் இப்னு துஃபைல் எழுதிய ‘ஹய் இப்னு யக்ழான்’ என்னும் கதையை வாசகர்களுள் சிலர் அறிந்திருக்கலாம். தனித்தீவில் ஒரு பெண்மானிடம் பால் குடித்து வளர்ந்த குழந்தை, ஆசிரியரின்றி, ஏடின்றி, சுற்றிலும் பார்த்துப் பார்த்தே அறிவு பெறுகின்றான். இறைவன் ஒருவன் உண்டு என்னும் முடிவுக்கும் அவ்வழியே வருகின்றான். இக்கதையைப் பேசுவோர் பெரும்பாலும் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வர். எனக்கு அதைவிட நெஞ்சில் நிற்பது அதன் பின் வரும் பகுதியாகும். அறிவு முதிர்ந்த பிறகு ஹய் தனக்குச் சில கடமைகளை விதித்துக்கொள்கின்றான். பழத்தைத் தின்றால் விதையைக் காப்பாற்றுகின்றான். முளைக்க முடியாத பாறையில் அதனை எறிவதில்லை. ஒரு செடிக்கு வெயில் மறைக்கப்பட்டிருந்தால் மறைப்பை விலக்குகின்றான். வாடிய செடிக்கு நீர் விடுகின்றான். சிக்கிக்கொண்ட விலங்கை விடுவிக்கின்றான். இவை ஒவ்வொன்றும் பார்த்தவனால் மட்டுமே செய்யக்கூடியவை. வெயில் மறைந்த செடி எது என்று பாராதவனுக்கு எப்படித் தெரியும்? அக்கதைத் தலைவனின் பெயருக்கு, விழித்திருப்பவனின் மகனாகிய உயிருள்ளவன் என்று பொருள்.

இனி, இரு கணக்குகளும் உரசிய செய்திக்கு வருவோம். 2024-ல் ரமலான் நோன்பு நம் ஊர்களில் மார்ச் 12-ஆம் நாளும், 2025-ல் மார்ச் 2-ஆம் நாளும் தொடங்கிற்று. இரண்டும் மாசி மாதத்திலேயே அமைந்தன. நோன்பை வரவேற்க வீட்டைக் கழுவி, ஒட்டடை அடித்து, இயன்றவர்கள் வெள்ளையடிப்பது நம் இல்லங்களின் நல்ல வழக்கம். பெண்கள் அதற்காக ஒரு வாரம் இடுப்பொடிய உழைக்கின்றனர். அதே மாசியில்தான் தேன்சிட்டு நம் தாழ்வாரங்களைத் தேடி வருகின்றது. துணி காயப்போடும் கம்பியின் வளைவிலோ, பழைய மின்கம்பியின் தொங்கும் நுனியிலோ, முல்லைக் கொடியிலோ அது கூடு கட்டுகின்றது. கட்டுவது பெரும்பாலும் பெட்டையே. சிலந்தி நூலால் நாரையும் பட்டைத் துணுக்கையும் இணைத்து, பக்கவாட்டில் ஒரு வாயில் வைத்து, அவ்வாயிலுக்கு மேல் மழைச்சாரலைத் தடுக்கும் சிறு தாழ்வாரமும் அமைத்து, உள்ளே பஞ்சு பரப்புகின்றது. வெளியே சருகுத் துண்டும் புழுவின் எச்சமும் ஒட்டி, காற்றில் சேர்ந்து தொங்கும் குப்பைபோல் அதனை ஆக்கிவிடுகின்றது. பகைவரின் கண்ணை மறைக்க அது கற்ற வித்தை, வீட்டுக்காரியின் துடைப்பத்தின் முன் அதற்கே எமனாகின்றது. ஒட்டடையோடு ஒட்டடையாக அது போய்விடும். உள்ளே இரண்டு முட்டைகள் இருந்தனவா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சென்ற சில ஆண்டுகளில் ஒன்றிரண்டு வீடுகளில் நான் கண்டது இது: தாழ்வாரம் முழுவதும் பளிச்சென்று வெள்ளையடித்திருக்கும், ஒரு மூலையில் மட்டும் இரண்டடி அகலத்துக்குப் பழைய சுண்ணாம்பு அப்படியே இருக்கும், அதற்கு நேர் கீழே கம்பியில் ஒரு கூடு ஆடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டம்மையாரிடம் காரணம் கேட்டதற்கு, “அது பொரிச்சுப் பறந்ததும் பெருநாளைக்குள்ள அடிச்சுக்கலாம்” என்றார். முட்டையிட்டதிலிருந்து குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதம், மிஞ்சினால் ஐந்து வாரம். நோன்பின் கணக்கும் ஏறக்குறைய அதுவே.

வயலில் இத்தகைய பொறுமை கடினமாகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அறுவடை இயந்திரங்கள் வந்த பிறகு, நெல்லுக்கிடையில் முளைத்த உளுந்தின் இளஞ்செடிகள் சக்கரத்தில் நசுங்கிப் போகின்றன என்பது உழவர்களின் முறையீடு. அறுக்கும் ஆட்கள் கிடைப்பதில்லை, இயந்திரமின்றி முடியாது. இங்கே யாருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வது? சில கேள்விகளுக்குப் பார்வை விடை தருவதில்லை. இழப்பு இன்னதென்று அறிந்து இழக்கச் செய்கின்றது, அவ்வளவே.

பங்குனியில் உளுந்து பறிக்க ஆட்கள் இறங்கும்போது ஆள்காட்டிக் குருவி அலறிக்கொண்டு தலைக்கு மேல் சுற்றும். வெறுந்தரையில், நாலைந்து சிறு கற்களுக்கு நடுவே, மண்ணின் நிறத்தில் நான்கு முட்டைகள் இடும் பறவை அது. வெயில் ஏறினால் அருகிலுள்ள குட்டையில் தன் வயிற்றுச் சிறகை நனைத்து வந்து முட்டைகளின் மேல் அமர்ந்து குளிரச் செய்யும். பெண்களுள் மூத்தவர் அதன் அலறலைக் கேட்டதும், “பார்த்துக் காலை வைங்கடி” என்று குரல் கொடுப்பார். முட்டையைக் கண்டவர் அருகே ஒரு குச்சியை நட்டுவிட்டுச் செல்வார். அக்குச்சியைச் சுற்றி ஒரு பாய் அளவு உளுந்து பறிபடாமல் நிற்கும். நிலத்துக்குரியவர் மாலையில் வந்து அதனைப் பார்த்து, முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. மறுநாள் தாமே பறித்துவிடுவதும் உண்டு.

இதே நாட்களில் வேறு சில உயிர்கள் நம்மைவிட்டுப் புறப்படுகின்றன. குளிர்காலமெல்லாம் நம் தோப்புகளில் சருகைக் கிளறித் திரிந்து, காலையிலும் மாலையிலும் இரட்டைச் சீழ்க்கை ஒலித்த ஆறுமணிக்குருவி, இமயத்தின் அடிவாரக் காடுகளுக்கும் நடு இந்தியாவுக்கும் இரவோடிரவாகப் பயணம் தொடங்குகின்றது. அது வந்தபோதும் பலர் பார்க்கவில்லை. ஒன்பது நிறங்கள் கொண்டது, எனினும் சருகுக்குள் மறைந்துவிடும். மஃரிபுக்குச் சற்று முன்பாகத் தோப்பின் பக்கம் காது கொடுத்தால், பங்குனிக் கடைசி வரை சில நாட்கள் அக்குரல் கேட்கும். பிறகு ஒரு நாள் மாலை கேட்காது.